தயிர் வாளியில் வந்த கரிசலாங்கண்ணி

என் மகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டை வாங்கியதும் முகர்ந்து பார்ப்பேன். கேஸ் சிலிண்டர் வந்தால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். ஆட்டோவில் ஏறினால் எந்தத் தெரு வழியாகப் போகிறான் என்று கழுத்தை நீட்டிக்கொண்டே வருவேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிட்டு பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிட்டு வைத்திருக்கிற பிள்ளை அநாவசியமாக ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். வைத்திருக்காத பிள்ளைதான் காலை ஆட்டும், ஜன்னலைப் பார்க்கும், பேனாவைக் கடிக்கும். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே நான் குடும்பமும் நடத்தி வந்தேன்.

என் கணவர் சிம்மக்கல் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கடையில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர், கைசுத்தம், யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் குடிப்பார். குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர் இல்லை. குடிக்கவே இல்லை என்று சாதிக்கிறவர். சண்டை போடுகிறவர்களைத் தெருவே பிடித்துக் கொடுத்துவிடும். இவரை நான் ஒருத்திதான் பிடித்தாக வேண்டும். செருப்பு அலமாரி, மோட்டார் ரூம், அரிசி டிரம், ரிப்பேராகிக் கிடந்த வாஷிங் மெஷின் என்று எங்கள் ஆனையூர் வீட்டில் அவர் பாட்டில் ஒளிக்காத இடம் கிடையாது. நான் கண்டுபிடிக்காத இடமும் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு இடுக்கு உண்டு. "காத்து வாங்கிட்டு வாரேன்" என்று அவர் மாடி ஏறினால் அந்த இடுக்குக்குப் போகிறார் என்று அர்த்தம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் அவர் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். பைபாஸில் போலீஸ்காரர் மிஷினை நீட்டுவதைப் போல நான் மூக்கை நீட்டுவேன். ஆரம்பத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஏலக்காய், சோம்பு, கொய்யா இலை என்று ஒவ்வொன்றாக மென்றுவிட்டு வர ஆரம்பித்தார். ஏலக்காய் வாசனை வந்தாலே குடித்திருக்கிறார் என்று அர்த்தம். இன்றுவரை நான் பாயசத்தில் ஏலக்காய் போடுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆடியில் அவருக்குக் கண் மஞ்சளானது. பிறகு உள்ளங்கை, பிறகு உடம்பே மஞ்சள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், கல்லீரல் இறுக ஆரம்பித்திருக்கிறது, இத்தோடு நிறுத்தினால் பிழைத்துக்கொள்வார், தொட்டால் அடுத்த முறை இங்கே கொண்டுவர வேண்டியிருக்காது என்றார். அவர் அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்ன விதம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. என் கணவர் கட்டிலில் படுத்துக்கொண்டே பதினெட்டாம்படிக் கருப்பன்மேல் சத்தியம் செய்தார். கருப்பன்மேல் அவர் ஏற்கெனவே செய்து மீறிய சத்தியங்கள் பல. கருப்பனுக்கே அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியத்தை நான் நம்பவில்லை, ஆனால் அவர் செத்துப்போவார் என்பதை முதல்முறையாக நம்பினேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் கோச்சடையிலிருந்து அவருடைய நண்பர் பார்க்க வந்தார். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சேர்ந்து குடித்தவர்கள். எனக்கு அவர் அண்ணன் முறை. வந்தவர் கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தயிர் வாளி, அதில் மண், மண்ணில் படர்ந்து நான்கு பக்கமும் வழியும் ஒரு செடி, அதில் இரண்டு மஞ்சள் பூ. சூரியகாந்தியைக் குழந்தையாகப் பார்த்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. "மஞ்சக் கரிசலாங்கண்ணி, தங்கச்சி. காமாலைக்கு இதை விட்டா மருந்தே கெடையாது. வெறும் வயித்துல அரைச்சுக் குடுங்க" என்றார்.

நான் டீ போட உள்ளே போனேன். போனேனே தவிர, காதை ஹாலிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னது அடுப்படிவரை வந்தது.

"மாப்ள, இத ஒரு வருசம் விடாம தின்னு. ஈரல் கல்லு மாதிரி ஆயிரும். அப்புறம் அளவா போட்டுக்கலாம், ஒண்ணும் பண்ணாது. நானே தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கல்லீரல் கல்லாவதுதான் வியாதி என்பது அவருக்குத் தெரியவில்லை. மருந்துச் செடி என்ற பெயரில் என் வீட்டுக்குள் ஒரு லைசென்ஸ் வந்திருக்கிறது. இன்றைக்குக் கீரை, ஒரு வருடம் கழித்து பாட்டில். செடியை அப்படியே தூக்கிக் குப்பை வண்டியில் போட நினைத்தேன். ஆனால் என் கணவர் அதற்குள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கண்ணால் மஞ்சள் பூவைப் பார்த்த அந்த முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன். டீயை வைத்துவிட்டுப் போனேன்.

அன்றிலிருந்து அந்தச் செடியே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. அது ஒத்துக்கொள்ளாது என்று கார்ப்பரேஷன் குடிதண்ணீரைக் குடத்தில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோனார். செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றையும் சல்லடையில் சலித்துக் கலந்தார். கொடியில் கணு இருக்கும் துண்டாகப் பார்த்து வெட்டி, நட்டுக்குத்தலாக வைக்காமல் மண்ணில் படுக்க வைத்து, மேலே லேசாக மண் தூவினார். கணுவுக்குக் கணு வேர் விட்டது. உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, பழைய சின்டெக்ஸ் மூடி எல்லாம் தொட்டியானது. பச்சை வலை கட்டி நிழல் கொடுத்தார். பூவைக் கிள்ளிவிட்டால் இலை நன்றாகத் தழைக்கும் என்று யாரோ சொன்னார்கள். பூவைக் கிள்ள மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

இதையெல்லாம் வேறு ஒருத்தி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கோ மூக்கில் வேர்த்தது. எங்கே தொட்டி வைத்தார்? மொட்டை மாடியில். மொட்டை மாடியில் எங்கே? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அதே இடுக்கில். மதியத்துக்கு மேல் அங்கேதான் நிழல் விழும் என்று காரணம் சொன்னார். காரணம் சரியாகவே இருந்தது, அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. அநாவசியமாக ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற பிள்ளை. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மேலே போனார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே போனேன். காயாத துணியையும் எடுக்கப் போனேன், காய்ந்த துணியையும் போடப் போனேன்.

ஒருநாள் அவர் கடைக்குப் போனதும் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு தொட்டியாகக் குத்திப் பார்த்தேன். குவார்ட்டர் பாட்டில் புதைக்கிற அளவுக்கு ஆழமான தொட்டிகள் அவை. கரண்டி எதிலும் இடிக்கவில்லை. வெள்ளை வேர்தான் கற்றையாக வந்தது. மண்ணைத் திருப்பி மூடி அமுக்கிவிட்டு வந்தேன். சாயங்காலம் அவர் இறங்கி வந்து, எலி வந்து தோண்டியிருக்கிறது என்று எலிப்பொறி வைத்தார். பொறிக்குத் தேங்காய்த் துண்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் அவர் ஒரு கைப்பிடி இலை பறித்துக்கொண்டு வருவார். நான் மிளகு சேர்த்து மிக்ஸியில் அரைத்து, எலுமிச்சங்காய் அளவு உருட்டி, மோரோடு கொடுப்பேன். அவர் விழுங்கும்வரை எதிரே நிற்பேன். தெருக்காரர்கள் ஆளுக்கொரு கொடி கேட்டார்கள். நான் கொடுக்க விடவில்லை. மருந்துச் செடியைப் பங்கு போட்டால் கைராசி போய்விடும் என்று இல்லாத ஒரு சாஸ்திரத்தை எடுத்துவிட்டேன். உண்மையில் அந்தச் செடியை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குக் கடையில் எல்லோரும் குடிக்க ஒரு லாட்ஜில் ரூம் போட்டார்கள். அது வருடா வருடம் நடப்பது. அவர் நேரே வீட்டுக்கு வந்து வாசலில் நின்று ஊதினார். ஏலக்காய் இல்லை, சோம்பு இல்லை, காலையில் சாப்பிட்ட வடையின் வாசனைகூட இல்லை. வெறும் பசித்த வாயின் காற்று. நான் நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னேன். ஊதிவிட்டுச் சொன்னார்: "கீரை உள்ள போனதிலருந்து அந்த நெனப்பே வரல டீச்சர். எல்லாரும் கெளம்புறாங்க, எனக்கு நாக்கே கேக்கல. எல்லாம் அந்தச் செடி பண்ற வேல."

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலிதான். அவர் சொன்னது எனக்குக் காதில் பூச்சுற்றுவது போலத்தான் பட்டது. காமாலைக்குக் கொடுத்த கீரை குடியை நிறுத்துமா? அப்படியானால் தினமும் தின்கிற கோச்சடை அண்ணன் ஏன் இன்னும் டாஸ்மாக் கடையே கதி என்று கிடக்கிறார்? கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அந்த ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

தையிலும் மாசியிலும் செடி மாடியையே பிடித்துக்கொண்டது. தொட்டியிலிருந்து இறங்கி, தளத்தில் ஓடி, வெடிப்பில் வேர் விட்டது. பக்கத்து வீட்டு மாடியில் ரோஜாவும் கறிவேப்பிலையும் வாடி வதங்க, இது மட்டும் தளதளவென்று எண்ணெய் தடவின மாதிரி இலையோடு பூத்துத் தள்ளியது. எங்கள் ஊர் வெயிலில் ஒரு நல்ல செடி இப்படி வளருமா? மருந்து என்றால் கொஞ்சம் நோஞ்சானாக, கொஞ்சம் பிகுவாக இருக்க வேண்டாமா? கணவரும் செடி மாதிரியேதான் இருந்தார். கன்னத்தில் சதை வைத்தது, காலையில் பாட்டு வேறு முணுமுணுத்தார். இரண்டும் சேர்ந்து செழித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் ஒரு ரவுண்டானாவில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், ரவுண்டானா முழுக்க எங்கள் மாடி. அதே இலை, அதே பூ, வட்டமாகக் கத்தரித்து அழகுக்கு வளர்த்திருக்கிறார்கள். லாரிப் புகை படிந்து, யாரும் ஒரு இலையைக்கூடக் கிள்ளாமல் கிடந்தது. காமாலை மருந்தை எவனாவது லோடு லோடாக ரோட்டு நடுவில் நடுவானா?

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, ஒரு கொடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு முதலில் கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னிடம் எல்லாமே பொடியாகத்தான் வருகிறது, பொடியானபின் எல்லாச் செடியும் ஒரே பச்சை என்று மனம்விட்டுச் சிரித்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரியில் சித்தா பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. கொடியை வாங்கியதுமே முகம் மாறியது.

"இத யாரும் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

இலையின் நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை இப்படிப் பிரியாது, ஒடுங்கி நீண்டிருக்கும், தடவினால் சொரசொரக்கும், இவ்வளவு பளபளப்பும் இருக்காது என்றார். சித்த வைத்தியத்தில் அதற்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயராம், தலையில் பொன் வைத்திருக்கிற செடி என்று. இதுவும் தலையில் பொன்னைத்தான் வைத்திருக்கிறது. பூவைப் பார்த்துப் பார்த்தே ஊரில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், நர்சரிகளிலும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள் என்றார். இது அழகுக்கு வளர்க்கிறது, சாப்பிடுகிற கீரை இல்லை, உடனே நிறுத்திவிட்டு ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

என் சந்தேகம் சரியாகிவிட்டது. ஜெயித்த சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். கீரை பொய் என்றால் அவர் குடிக்காமலிருப்பதும் பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? எங்கேயோ குடிக்கிறார், நான் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஈரல் இந்நேரம் என்ன கதியில் இருக்கிறதோ.

பயத்தோடு பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுக்கிற பெண் ஊசியைப் பிரிக்கிறாளா, ட்யூபில் அவர் பெயரைத்தான் ஒட்டுகிறாளா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ரிசல்ட்டைப் பழைய டாக்டரிடமே காட்டினோம். ஈரல் நன்றாகத் தேறியிருக்கிறது, குடியை நிஜமாகவே விட்ட ஆளுக்குத்தான் இப்படி வரும் என்றார். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "கீரை டாக்டர், கீரை" என்றார். டாக்டர் என்ன கீரை என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, சும்மா வீட்டில் செய்கிற கீரைதான் என்றேன்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. இத்தனை மாதமும் இந்த மனிதர் நிஜமாகவே குடிக்கவில்லை. ஆனால் தன்னைக் குடிக்காமல் வைத்திருப்பது தன் மனசு இல்லை, செடிதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். செடி பொய் என்று சொன்னால் அன்று சாயங்காலமே டாஸ்மாக் கடைக்குப் போய்விடுவார். போனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியிருக்காது. சொல்லாவிட்டால் ரவுண்டானாச் செடியைத் தினமும் அவர் வாயில் போட வேண்டும். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விட்டதுதான் விட்டார், சொந்தமாக விட்டிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து நான் திருடியானேன். அவர் பறித்துக்கொண்டு வந்து தருகிற இலையை வாங்கிக் கழுவுகிற மாதிரி கழுவி, கேரிபேக்கில் சுருட்டி மறைத்துவிட்டு, முதல்நாளே வாங்கி வைத்த மணத்தக்காளிக் கீரையை மிளகோடு அரைத்து உருட்டிக் கொடுத்தேன். மணத்தக்காளிக் கட்டை எங்கே ஒளிப்பது? அரிசி டிரம்மில், அவர் பாட்டில் ஒளித்த அதே டிரம்மில். கீரைக்காரம்மாவை அவர் கிளம்பிய பிறகு வரச் சொன்னேன். முதல்நாள் உருண்டையை வாயில் போட்டவர் ஒரு நொடி நிறுத்தி, இன்னைக்கு லேசாகக் கசக்கிறதே என்றார். வெயில் காலம், இலை முற்றியிருக்கும் என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மிக்ஸி ஜாரைக் கழுவினேன். ஏலக்காய் மென்றுவிட்டு வருகிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நிஜச் செடியை வளர்த்து மெல்ல மாற்றிவிடலாம் என்றும் பார்த்தேன். திருவாதவூரிலிருந்து வருகிற சக டீச்சர் ஒருத்தி, அவர்கள் ஊர்க் கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு கொடி கொண்டுவந்தாள். அவளையும் நம்பாமல் டாக்டரம்மாவிடம் காட்டி, அதுதான் என்று கேட்டுக்கொண்ட பிறகே துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரம் காயாத இடத்தில் வைத்தேன். இலை ஒடுங்கி, சொரசொரவென்று, பார்க்க ஒன்றுமே இல்லாத செடி. நான் ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டேன். சித்திரை வெயில் ஆரம்பித்ததும் நுனி கருகியது. அழகர் ஆற்றில் இறங்கின வாரத்தில் செத்தே போனது. மாடியில் பொய்ச்செடி பூத்துக் குலுங்கியது.

வைகாசி முடியும் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோச்சடை மதினி போன் பண்ணினார். அண்ணனுக்கு வயிறு வீங்கி, காலும் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கைந்து நாளாகிறது. அவர்கள் வீட்டுச் செடி தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துவிட்டது. எங்கள் மாடியில் நிறைய இருக்கிறதாமே, ஒரு பை பறித்து வரச் சொல்லுங்கள், டியூப் வழியாகவாவது சாற்றை விட்டுப் பார்க்கலாம் என்று அழுதார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மதினிக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் இல்லை. கத்தரிக்கோலும் மஞ்சப் பையும் இல்லை.

மாடிக்கு ஓடினேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து கொழுந்தாகப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். பை பாதி நிறைந்துவிட்டது. "நான் பொழச்சேன்ல, அவனும் பொழச்சுருவான்" என்றார், என்னைப் பார்க்காமலே. அந்த இலையை ஈரல் செத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதரின் வாயில் ஊற்றப் போகிறார்கள். இனி மறைக்க முடியாது.

"அத வெட்டாதீங்க" என்றேன். "அது கரிசலாங்கண்ணி இல்லங்க. ரவுண்டானாவுல அழகுக்கு வைக்கிற செடி. டாக்டர்கிட்டக் காட்டிக் கேட்டுட்டேன்."

கத்தரிக்கோல் நின்றது. எப்போது கேட்டாய் என்றார். பங்குனியில் என்றேன். அப்படியென்றால் அதற்குப் பிறகு அரைத்துக் கொடுத்தது என்ன என்றார். மணத்தக்காளி என்றேன். அரிசி டிரம்மில் ஒளித்து வைத்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு மாதிரியானது. கத்துவார் என்று நினைத்தேன். என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு இறங்கிப் போவார் என்று நினைத்தேன். டாஸ்மாக் திறக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று என் மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அப்படி ஒரு மனசு எனக்கு. வண்டிச் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன், இருந்தது.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். படர்ந்து கிடந்த செடி முழுவதையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம், யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றி விசாரிப்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளும் குடிக்காம இருந்தது நான்தானா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் இவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னதில்லை.

"நீங்கதான்" என்றேன்.

அவர் எழுந்து பையைக் கவிழ்த்து இலைகளை அப்படியே தளத்தில் கொட்டினார். பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று படியிறங்கினார். கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நானும் வருகிறேன் என்று நான் கூப்பிடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எட்டிப் பார்க்காமல், அங்கேயே நின்றேன்.